காரின் உட்புறப் பிளாஸ்டிக் பாகங்களுக்கு வர்ணம் பூசுதல்: கழற்றுவதிலிருந்து மீளப் பூட்டுவது வரை

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனிப்பட்ட பாவனைக்கான கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் கிழக்குக் கரையில் ஏறாவூரிலிருந்து கல்முனை வரை பழைய கார் வைத்திருந்த பலர் அதை மாற்றும் எண்ணத்தைக் கைவிட்டு, இருப்பதையே பழுதுபார்த்து ஓட்டப் பழகிக்கொண்டார்கள். இயந்திரத்தை மெக்கானிக் பார்த்துக்கொள்கிறார், வெளிப்புறத்தை டிங்கர் வேலை செய்பவரும் பெயின்ற் பாஸும் கவனித்துக்கொள்கிறார்கள். ஆனால் நாம் நாள் முழுவதும் தொட்டும் பார்த்தும் இருக்கும் உட்புறம் அப்படியே கிடக்கிறது. கதவுக் கைப்பிடி வெளுத்து, ஜன்னல் சுவிட்ச் தட்டில் மோதிரக் கீறல்கள் விழுந்து, கியரைச் சுற்றியுள்ள பழுப்புப் பிளாஸ்டிக் கைவியர்வையால் கறுத்துப்போயிருக்கும். கொழும்புப் பஞ்சிகாவத்தையில் பழைய பாகம் தேடலாம். கிடைத்தாலும் அது வேறொரு காரின் வெயிலில் வேறொரு அளவுக்கு வெளுத்ததாகவே இருக்கும் என்பதால், நிறம் ஒத்துப்போவது அரிது.

இந்த வேலையை வீட்டு முற்றத்தில் செய்ய முடியும். எனினும் முதல் தடவை நான் செய்த விதத்தில் யாரும் செய்யக்கூடாது. சாரதிப் பக்கக் கதவின் சுவிட்ச் தட்டைக் கழற்றாமலே, சுற்றிவரச் செய்தித்தாளை ஒட்டி, ஈரத்துணியால் ஒரு துடைப்புத் துடைத்து, வீட்டுக் கேற்றுக்கு அடித்து மிஞ்சிய கறுப்பு ஸ்பிரேயை அடித்தேன். மூன்று வாரம் புதிதுபோல மின்னியது. பின்னர் ஒரு மதியம், ஜன்னலை இறக்கப் போன மனைவியின் வளையல் பட்டு, பூச்சு வெங்காயத் தோல்போலத் துண்டு துண்டாக உரிந்து வந்தது. டின்னில் இருந்த வர்ணத்தில் ஒரு குறையும் இருக்கவில்லை. ஆண்டுக்கணக்காக அந்தத் தட்டுக்கு நான் பூசிவந்த டாஷ்போர்ட் பொலிஷ்தான் வர்ணத்தைப் பிளாஸ்டிக்கை நெருங்கவிடாமல் தடுத்திருந்தது. ஆகவே கீழே கழுவுவதற்கும் துடைப்பதற்கும் அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன். ஸ்பிரே அடிப்பது இந்த வேலையில் மிகக் குறைந்த நேரம் எடுக்கும் பகுதி.

எதற்குப் பூசலாம், எதைத் தொடக்கூடாது

கதவுச் சுவிட்ச் தட்டுகள், கியர்ச் சுற்று, ரேடியோச் சட்டம், காற்றுவழிச் சட்டங்கள், கையுறைப் பெட்டியின் மூடி, இருக்கையின் பக்க மூடிகள் ஆகியன வீட்டில் பூச ஏற்றவை. இவை சிறியவை, கழற்றக்கூடியவை, பிழைத்துப்போனால் மீண்டும் செய்யக்கூடியவை.

ஏர்பேக் மூடிகளுக்கு ஒருபோதும் பூசக்கூடாது. ஸ்டியரிங்கின் நடு மூடியும், பயணியின் பக்கத்தில் டாஷ்போர்டில் ஏர்பேக் என்று பொறித்த பகுதியும் விபத்தின்போது குறித்த ஒரு கோட்டில் பிளந்து திறக்குமாறு உட்பக்கத்தில் மெலிதாக்கப்பட்டவை. அதன்மேல் படியும் வர்ணம் அந்தப் பிளவைப் பாதிக்கலாம்; வெடித்து விரியும் கணத்தில் வர்ணச் சில்லுகள் முகத்தை நோக்கிப் பறக்கவும் கூடும். கூரைத் தூண்களின் மூடியில் ஏர்பேக் குறி இருந்தால் அதையும் கழற்றாமல் விட்டுவிடுங்கள். ஆசனப்பட்டியிலும் அதன் கொக்கியிலும் வர்ணமோ தின்னரோ படவே கூடாது.

டாஷ்போர்டின் மேற்பரப்பையும் நான் விட்டுவிடச் சொல்வேன். நமது வெயிலில் மூடிக் கிடக்கும் காரில் அந்தப் பரப்பு 70 பாகை செல்சியசைத் தாண்டிச் சூடேறும். வீட்டில் அடித்த பூச்சுக்கு அதைவிடக் கடுமையான இடம் காருக்குள் வேறில்லை. அங்கே பளபளப்போ வெளிர் நிறமோ இருந்தால் முன்கண்ணாடியில் அதன் பிம்பம் விழுந்து பாதையை மறைக்கும். பின்னேரம் சூரியனுக்கு எதிரே செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் மேற்கு நோக்கி ஓட்டியவர்களுக்கு அந்தத் தொல்லை எப்படியிருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. அதைப் பூசியே ஆகவேண்டுமென்றால் கருமையான, முற்றிலும் மட்டான (பளபளப்பே இல்லாத) நிறத்தையே தெரிவுசெய்யுங்கள்.

கழற்றுதல்

முதலில் பற்றரியின் மறைமுனையை (− குறியுள்ள முனையை) கழற்றி, குறைந்தது 10 நிமிடம் காத்திருங்கள். ஏர்பேக் சுற்றில் தேங்கியிருக்கும் மின்னூட்டம் இறங்குவதற்கான அவகாசம் அது. கழற்றும்போது மஞ்சள் நிற இணைப்பிகள் கண்ணில் பட்டால் அவை ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றை அப்படியே விட்டுவிட வேண்டும்.

பழைய பிளாஸ்டிக்கின் கிளிப்புகள் குளிர்ந்திருக்கும்போது சட்டென உடையும், சூடாக இருக்கும்போது சற்று வளைந்துகொடுக்கும். எனவே கழற்றும் வேலைக்குக் காரை அரை மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டுத் தொடங்குவது நல்லது. இரும்பு ஸ்குரூட்ரைவரால் நெம்பினால் விளிம்பு நொறுங்கிப் பள்ளம் விழும், அந்தப் பள்ளத்தை எந்த வர்ணமும் மறைக்காது. நெம்புவதற்கென்று விற்கும் பிளாஸ்டிக் கரண்டிகள் மலிவானவை. கிடைக்காவிட்டால் மூங்கிலைச் சப்பையாகச் சீவி, நுனியில் துணி சுற்றிப் பயன்படுத்தலாம். எந்தக் கிளிப்பும் வராமல் அடம்பிடித்தால் எங்கோ ஒரு திருகாணி மறைந்திருக்கிறது என்று பொருள்: கைப்பிடிக் குழியில் இருக்கும் சிறு ரப்பர் மூடியின் கீழே பாருங்கள். ஒவ்வொரு படியையும் தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, திருகாணிகளைப் பாகவாரியாகத் தனித்தனிக் கிண்ணங்களில் போட்டு வையுங்கள்.

எந்தப் பிளாஸ்டிக் என்று அறிதல்

பாகத்தைத் திருப்பிப் பின்புறம் பார்த்தால், இரு கூர்முனைக் குறிகளுக்கிடையே சில ஆங்கில எழுத்துகள் வார்க்கப்பட்டிருக்கும். உட்புறத்தில் பெரும்பாலும் காண்பது இரண்டு வகை. ஒன்று ஏபிஎஸ், சில வேளை அதனுடன் பிசி என்ற பொலிகார்பனேற்றும் கலந்திருக்கும். மற்றது பிபி எனப்படும் பொலிபுரொப்பிலீன். பிபிக்குப் பின்னால் டி20 என்று இருந்தால் நூற்றுக்கு 20 பங்கு டல்க் கனிமப் பொடி கலந்திருக்கிறது என்று அறியலாம்.

எழுத்து அழிந்திருந்தால், பின்புறத்தில் வலுவுக்காக வார்த்திருக்கும் மேட்டு வரி ஒன்றிலிருந்து நகத்தளவு சீவல் ஒன்றைச் சீவி, சவர்க்காரம் ஒரு துளி விட்ட நீரில் அமிழ்த்தி விடுங்கள். கலப்பில்லாத பிபியின் அடர்த்தி ஏறத்தாழ 0.9 என்பதால் அது மிதக்கும், ஏபிஎஸ் 1.05 அளவில் இருப்பதால் மூழ்கும். டல்க் கலந்த பிபியும் மூழ்கிவிடுமாதலால், மிதப்பது நிச்சயமான விடை, மூழ்குவது பாதி விடை. தொட்டால் மெழுகுபோல வழுக்கி, தட்டினால் மந்தமான ஒலி தருவது பெரும்பாலும் பிபிதான்.

இதை ஏன் இவ்வளவு பார்க்க வேண்டும்? ஏபிஎஸ்ஸின் மேற்பரப்பை வர்ணத்தில் உள்ள கரைப்பான் சற்றே இளக்கி உள்ளே பற்றிக்கொள்ளும். சாதாரணப் பிளாஸ்டிக் பிரைமர், அதாவது வர்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு, போதும். பிபியை எந்தக் கரைப்பானும் இலகுவில் தொடாது. எண்ணெய்ச் சட்டியில் விட்ட நீர்போல வர்ணம் அதன்மேல் உட்கார்ந்திருக்குமே தவிரப் பிடிக்காது. அதற்குக் குளோரின் சேர்த்த பொலிஒலிபின் கொண்ட ஒட்டூக்கி தேவை. வாகனப் பெயின்ற் கடைகளில் அட்ஹீஷன் புரமோட்டர் என்று கேட்க வேண்டும், பம்பருக்கு அடிப்பதும் அதுவே. உங்களுடைய பாகம் எதுவென்று கடைசிவரை தெரியாவிட்டால் அதை பிபி என்றே எடுத்துக்கொண்டு இந்த ஒட்டூக்கியை அடித்துவிடுங்கள். டின்னில் ஏபிஎஸ்ஸுக்கும் பொருந்தும் என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கழுவுதல்

டாஷ்போர்ட் பொலிஷ்களில் பெரும்பாலானவை சிலிக்கோன் எண்ணெய் கொண்டவை. ஒரு துளி மிஞ்சினாலும் வர்ணம் அந்த இடத்திலிருந்து விலகி, நடுவில் வெறும் பிளாஸ்டிக் தெரியும் வட்டக் குழிகளாக நிற்கும்; பாஸ்மார் இதை மீன்கண் என்பார்கள். போதாததற்கு நமது கார்களில் தேங்காயெண்ணெய்க் கைரேகையும், சந்தனமும், திருநீறும், பிள்ளையாரையோ மாதாவையோ ஒட்டிய இருபக்க டேப்பின் பசையும் இருக்கும். நறுமணத் திரவம் சிந்திய இடமிருந்தால் அங்கே பிளாஸ்டிக் இளகிப் பளபளத்திருக்கும். அதைப் பின்னர் அரத்தாளால்தான் சரிசெய்ய வேண்டும்.

முதலில் பசையை எடுங்கள். தலைமுடி உலர்த்தியால் மெல்லச் சூடாக்கி, பெருவிரலால் உருட்டினால் பெரும்பகுதி வந்துவிடும்.

அடுத்து, வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் விம் திரவத்தைக் கலந்து, பழைய பல்துலக்கியால் பிளாஸ்டிக்கின் தோல்வரிகளுக்குள் (தோலைப்போல வார்த்த வரிகளுக்குள்) இருக்கும் அழுக்கு நீங்குமட்டும் தேய்த்து அலசுங்கள். இரண்டாம் தடவையும் இதையே செய்ய வேண்டும், முதல் தடவை நீர் தெளிவாகத்தான் ஓடியது என்று தோன்றினாலும். இங்கே நம் மட்டக்களப்புக்குரிய ஓர் எச்சரிக்கை உண்டு: கல்லடி, காத்தான்குடி, நாவற்குடா என்று கடலோரத்தில் இருப்பவர்களில் சிலருடைய கிணற்று நீர் உவர்ப்பாக இருக்கும். அந்த நீரில் அலசிக் காயவிட்டால் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படிவு மேற்பரப்பில் தங்கி, பூச்சின் அடியில் ஈரத்தை இழுத்துச் சிறு கொப்புளங்களை எழுப்பும். கடைசி அலசலுக்குக் குழாய் நீரோ, போத்தல் நீரோ பயன்படுத்துங்கள். ஒரு லீற்றர் போதும்.

நன்றாகக் காய்ந்த பிறகு எண்ணெயகற்றியால் துடைக்க வேண்டும். பெயின்ற் கடையில் இதை வாக்ஸ் ரிமூவர் அல்லது டிகிரீசர் என்று சொல்லி வாங்கலாம். இரண்டு துணி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை நனைத்து உள்ளங்கையகலப் பகுதியைத் துடைத்து, அது ஆவியாவதற்கு முன் காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ஆவியாக விட்டால் கரைந்த எண்ணெய் மீண்டும் அதே இடத்தில் படிந்துவிடும், துடைத்ததன் பயன் இல்லை. துணியை அடிக்கடி மடித்துப் புதுப் பக்கத்தைத் திருப்ப வேண்டும். பலமுறை துவைத்து நைந்த மருதமுனைச் சாரத்தின் துண்டு இதற்கு மிக உகந்தது: நூலும் பஞ்சும் விடாது. துவைப்பில் வாசனை மென்மையாக்கி சேர்க்காத துணியாக இருக்கட்டும், அதுவும் ஓர் எண்ணெய்தான். இறுதியாக ஐசோபுரொப்பில் அற்ககோலால் ஒரு துடைப்பு. இந்தக் கட்டத்திலிருந்து பாகத்தை நைட்ரைல் ரப்பர்க் கையுறையின்றித் தொடாதீர்கள்.

தின்னரையும் பெற்றோலையும் துடைக்கப் பயன்படுத்த வேண்டாம். தின்னர் ஏபிஎஸ்ஸை உருக்கி, நாள் சென்றபின் மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கும். பெற்றோல் எண்ணெய்ப்படலத்தை விட்டுப்போகும், தீயும் பிடிக்கும்.

சுத்தமாகிவிட்டதா என்று அறியச் சிலர் நீரை ஊற்றிப் பார்க்கச் சொல்வார்கள்: நீர் விரிப்பாகப் பரவி நின்றால் சுத்தம், முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இருக்கிறது என்பது கணக்கு. ஏபிஎஸ்ஸுக்கு இது ஓரளவு பொருந்தும். பிபியில் எவ்வளவு கழுவினாலும் நீர் திரளத்தான் செய்யும், அது அந்தப் பிளாஸ்டிக்கின் இயல்பு. அதைப் பார்த்து மனந்தளர்ந்து இன்னும் இரண்டு நாள் கழுவிக்கொண்டிருக்க வேண்டாம்.

பிசுபிசுக்கும் மேற்பூச்சு

சில ஜப்பானியக் கார்களிலும் ஐரோப்பியக் கார்களிலும் சுவிட்ச் தட்டு, கைப்பிடி முதலியவற்றுக்குத் தொழிற்சாலையிலேயே ரப்பர் போன்ற மென்பூச்சு இட்டிருப்பார்கள். அது பொலியூரத்தேன் வகை. வெப்பமும் ஈரப்பதனும் சேர்ந்து காலப்போக்கில் அதன் மூலக்கூறுகளை உடைத்துவிடுவதால், வாவியும் கடலும் இருபுறமும் சூழ்ந்த நம் ஊரில் அது பனங்கட்டிப்பாகுபோல விரலில் ஒட்டத் தொடங்கும். அதன்மேல் எதைப் பூசினாலும் நிற்காது. முழுவதையும் எடுக்க வேண்டும். அரத்தாள் போட்டால் தாள் அடைத்துக்கொள்ளுமே தவிரப் பூச்சு போகாது. செறிவான ஐசோபுரொப்பில் அற்ககோலில் நனைத்த துணியை ஐந்து நிமிடம் மேலே போர்த்தி வைத்துவிட்டு, பழைய வங்கி அட்டையின் விளிம்பால் வழித்தெடுங்கள். கை நோகும், துணி நிறைய வேண்டும், ஒரு கதவுத் தட்டுக்கு ஒரு மணி நேரம் போகும். அடியில் வரும் பிளாஸ்டிக் வழுவழுப்பாக, பூசுவதற்கு மிக ஏற்றதாக இருக்கும்.

பழுதும் உரசலும்

உடைந்த கிளிப்பை இப்போதே சரிசெய்யுங்கள். ஏபிஎஸ் என்றால், பின்புறத்துச் சீவல்களை அசிற்றோனில் கரைத்துக் கூழாக்கி அதையே பசையாகப் பயன்படுத்தலாம், காய்ந்தபின் அது அதே பிளாஸ்டிக்காகிவிடும். பிபியில் சுப்பர் குளூ பிடிக்காது. சூடாக்கிய சோல்டரிங் இரும்பால் அதே வகைப் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டவேண்டும். ஆழமான கீறலுக்குப் பிளாஸ்டிக்குக்கென்று உள்ள வளையும் தன்மையுடைய புட்டியை மட்டும் இடுங்கள், இரும்புக்கு வைக்கும் புட்டி வெடித்து விழும்.

தோல்வரி உள்ள பாகத்தில் புட்டி வைத்தால் அந்த இடத்தில் வரி போய்விடும், வர்ணம் அதைத் திருப்பித் தராது. சிறு கீறல்களை அப்படியே விட்டுவிடுவதா, பாகம் முழுவதையும் வழுவழுப்பாக்குவதா என்று தொடக்கத்திலேயே தீர்மானித்துவிட வேண்டும். இரண்டாவது, நிரப்பும் பிரைமரை மூன்று தடவை அடித்து மூன்று தடவை தேய்க்கும் வேலை. ரேடியோச் சட்டம் போன்ற சிறு பாகத்துக்கு அது தகும்; கதவுப் பலகைக்கு நான் செய்யமாட்டேன்.

வழுவழுப்பான ஏபிஎஸ்ஸை 400 இலக்க நீர் அரத்தாளாலும் பின் 600ஆலும் ஈரமாகவே தேய்த்து, பளபளப்பு ஓரிடத்திலும் மிஞ்சாமல் மங்கச் செய்யுங்கள். தோல்வரியுள்ள பாகங்களுக்குச் சாம்பல் நிற ஸ்கொட்ச்பிரைட்டுடன் சவர்க்கார நீர் போதும். சமையலறைப் பச்சை நிறத்தது முரடு, அதன் கீறல்கள் மெல்லிய வர்ணத்தின் ஊடே தெரியும். பிபியைக் காய்ந்த தாளால் தேய்த்தால் மேற்பரப்பு பஞ்சுபோலச் சிலிர்த்து எழும். நீரும் மென்தாளும் மட்டும். தேய்த்து முடிந்ததும் மீண்டும் ஒரு கழுவல், மீண்டும் எண்ணெயகற்றி.

நாள், நேரம், இடம்

ஈரம் மிகுந்த காற்றில் ஸ்பிரே அடித்தால், கரைப்பான் ஆவியாகும்போது குளிரும் மேற்பரப்பில் நீராவி படிந்து பூச்சு பால்போல வெளுத்துவிடும். நவம்பர் முதல் ஜனவரி வரையான மாரியில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். பெப்ரவரி, மார்ச் நல்ல மாதங்கள்தாம், ஆனால் பெரும்போக அறுவடையும் அப்போதுதான். வயற்பக்கத்திலோ தெருவில் நெல் காயப்போடும் இடத்திலோ வீடு இருந்தால் சுணைத்தூசி பூச்சில் வந்து ஒட்டும். மே தொடக்கம் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் காற்று காய்ந்திருக்கும், அது நமக்குச் சாதகம். எனினும் மதியத்தில் அது மணலை வாரிக்கொண்டு வரும்.

ஆகவே காலை 9 மணிக்குப் பின், பனியீரம் காய்ந்து, காற்று எழும்புவதற்கு முன்னுள்ள இரண்டு மணி நேரமே நம்முடையது. ஒரு மணி நேரம் முன்பாக முற்றத்து மணலுக்கு நீர் தெளித்துத் தூசியை அடக்குங்கள். மரநிழல் வேண்டாம், பூவும் பூச்சியும் விழும். தாழ்வாரத்து நிழலே உகந்தது. பாகமும் நிழலில் கிடந்து ஆறியிருக்க வேண்டும். வெயிலில் சுட்ட பிளாஸ்டிக்கில் வர்ணம் பரவுவதற்கு முன் காய்ந்து மணற்பரப்புபோலச் சொரசொரக்கும். பாகங்களை மரக்கட்டைகளின்மேல் உயர்த்தி வைத்து, மேலே ஒரு நுளம்பு வலையைச் சுருட்டிக் கட்டி வையுங்கள். அடித்து முடிந்ததும் வலையை இறக்கிவிட்டால் காற்றும் வரும், பூச்சியும் வராது.

அடுப்பும் விளக்கும் அருகில் இருக்கக்கூடாது. துணி முகக்கவசம் கரைப்பான் ஆவியைத் தடுக்காது. கரிவடிகட்டி பொருத்திய முகமூடியே வேண்டும். ஸ்பிரே டின்னை வெயிலிலோ மூடிய காருக்குள்ளோ விட்டுவிட்டால் அது வெடிக்கக்கூடும்.

அடித்தல்

முதலில் சோதனை. ஒவ்வொரு பாகத்தின் பின்புறத்திலும் உள்ளங்கையளவு இடத்தை மேற்சொன்னபடி கழுவித் தேய்த்து, பூச இருக்கும் அத்தனை படைகளையும் அங்கே அடித்து, ஒரு வாரம் விடுங்கள். பின்னர் கூரிய பிளேடால் 2 மில்லிமீற்றர் இடைவெளியில் ஆறு கோடுகளும் குறுக்கே ஆறு கோடுகளும் கீறி, நல்ல ஒட்டுள்ள டேப்பை அழுத்தி ஒட்டி, சட்டென இழுங்கள். சதுரங்கள் டேப்போடு வந்தால் உங்கள் கழுவலோ ஒட்டூக்கியோ பிழைத்திருக்கிறது. ஒரு வாரம் காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு என் சுவிட்ச் தட்டை நினைவூட்டுவேன்.

டின்னை உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்ட பின்பும் இரண்டு நிமிடம் குலுக்குங்கள். பிபிக்கு ஒட்டூக்கியை மெல்லிய ஒரு படையாக அடித்து, ஏறத்தாழ 10 நிமிடம் காயவிட்டு, டின்னில் குறித்த நேரத்துக்குள் அடுத்த படையை அடித்துவிட வேண்டும். நேரம் தவறினால் அதன் ஆற்றல் போய்விடும். கனமாக அடித்தால் கூடுதலாக ஒட்டும் என்று எண்ணுவது தவறு. ஏபிஎஸ்ஸுக்குப் பிளாஸ்டிக் பிரைமர் இரண்டு மெல்லிய படைகள். பிரைமர் காய்ந்தபின் சொரசொரப்பு இருந்தால் 800 தாளால் ஈரமாக ஒரு தடவு தடவுங்கள்.

வர்ணத்தை 20 முதல் 25 சென்ரிமீற்றர் தூரத்திலிருந்து, பாகத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடியுமாறு, கை ஒரே சீராக நகர அடியுங்கள். ஒவ்வொரு வீச்சும் முந்திய வீச்சின் பாதியை மூட வேண்டும். முதற்படை வெறும் தூவல். அடிப்பிளாஸ்டிக் ஊடே தெரியும், தெரிய வேண்டும். அதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் என்று கை போனால்தான் வழிகிறது. 10 நிமிட இடைவெளியில் இன்னும் இரண்டு படைகள் அடித்தால் நிறம் மூடிவிடும். விளிம்புகளையும் குழிகளையும் முதலில் அடித்துவிட்டுத் தட்டையான பகுதிக்கு வாருங்கள். தோல்வரியைக் காப்பாற்ற வேண்டிய பாகங்களுக்கு வைனைல், பிளாஸ்டிக் என்று குறித்த நெகிழும் வர்ணம் நன்று, அது மெல்லிய படலமாகப் படிவதால் வரிகள் நிரம்புவதில்லை. மீன்கண் விழுந்தால் மேலும் அடித்து மூட முயல வேண்டாம். காயவிட்டுத் தேய்த்துக் கழுவி முதலிலிருந்து தொடங்குவதே வழி.

நிறத்தைப் பொறுத்தவரை, கழற்றிய பாகத்தின் வெயில் படாத பின்விளிம்பைக் கடைக்கு எடுத்துச் சென்று, கடைக்குள் இருக்கும் விளக்கில் பார்க்காமல் வாசலுக்கு வந்து பகல்வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். 400 மில்லிலீற்றர் டின் ஒன்று நான்கு கதவுச் சுவிட்ச் தட்டுகளுக்கும் கியர்ச் சுற்றுக்கும் போதும். வெள்ளிநிறம் போன்ற மின்னும் வர்ணமானால் எல்லாப் பாகங்களையும் காரில் நிற்கும் அதே திசையில் நிறுத்தி ஒரே நாளில் அடியுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறமாகத் தோன்றும்.

மேற்பூச்சு

கை படும் பாகங்களுக்கு நிறமற்ற மேற்பூச்சு அவசியம், கூரைப்பக்க மூடிகளுக்குத் தேவையில்லை. மட்டான அல்லது அரைப்பளபளப்பு வகையே உட்புறத்தில் இயல்பாகத் தோன்றும். மட்டான மேற்பூச்சை ஓரிடத்தில் கூடுதலாக அடித்தால் அங்கே மட்டும் பளபளக்கும், எனவே இரண்டு சீரான படைகளோடு நிறுத்துங்கள். அதை வர்ணம் அடித்த ஒரு மணி நேரத்துக்குள் அடிக்க வேண்டுமா, ஒரு நாள் கழித்தா என்பது டின்னில் எழுதியிருக்கும். இடைப்பட்ட நேரத்தில் அடித்தால் கீழ்ப்படை சுருங்கி எழும்.

கடினமாக்கி கலந்து அடிக்கும் இருகூற்று மேற்பூச்சு மிக உறுதியானது என்பதில் ஐயமில்லை. அதில் உள்ள ஐசோசயனேற்று மூச்சுக்குழாயைப் பாதித்து ஆயுட்கால ஆஸ்துமாவைத் தரக்கூடியது. அதை அடிக்கும் அறையும் காற்றூட்டும் முகமூடியும் உள்ள கராஜில், பாகங்களைக் கொடுத்துச் செய்வித்துக்கொள்ளுங்கள். கழுவித் தேய்த்துக் கொண்டுபோனால் கூலியும் குறையும்.

மறைப்பு டேப் ஒட்டியிருந்தால், கடைசிப் படை தொடுகைக்குக் காய்ந்து இன்னும் முற்றாக இறுகாத நிலையில், டேப்பை அதன்மேலேயே பின்னோக்கி மடித்து மெதுவாக இழுங்கள். மறுநாள் இழுத்தால் விளிம்பும் கூடவே கிழிந்து வரும்.

மீளப் பூட்டலும் பராமரிப்பும்

தொட்டால் அரை மணியில் காய்ந்ததுபோல இருக்கும். பூட்டுவதற்கு 48 மணி நேரம் விடுங்கள். முழுமையாக இறுக ஒரு வாரம் ஆகும். இரவில் மின்குமிழின் கீழே காயவைத்தால் ஈசல்கள் உங்கள் பூச்சில் சிறகை விட்டுப்போகும். பூட்டும்போது புதிய விளிம்பில் டேப் ஒட்டிக்கொண்டு, கிளிப்புகளைக் கையால் மட்டும் அழுத்துங்கள். எல்லா இணைப்பிகளையும் மாட்டிய பிறகே பற்றரியை இணைக்க வேண்டும். முதல் வாரம் நிழலில் நிறுத்தும்போது ஜன்னல்களைச் சற்றே திறந்து விட்டால் மணம் போய்விடும்.

ஒரு மாதத்துக்கு ஈரத்துணியைத் தவிர வேறெதுவும் வேண்டாம், அதன்பின்னும் சிலிக்கோன் பொலிஷ் வேண்டாம். நுளம்பு விரட்டிக் கிறீம் பூசிய கையால் புதுப் பூச்சைத் தொடாதீர்கள். அவற்றில் பலவற்றில் இருக்கும் டீட் என்ற பொருள் வர்ணத்தையும் சில பிளாஸ்டிக்குகளையும் கரைக்கும். வாவிக்கரையில் மாலையில் நின்றுவிட்டுக் காரில் ஏறுகிறவர்களின் கதவுக் கைப்பிடியில் விரலடையாளம் பதிந்திருப்பதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம்.

மிஞ்சிய வர்ணத்தில் சிறிதளவை ஒரு டின் மூடிக்குள் அடித்து, அது திரவமாக இருக்கும்போதே சிறிய கண்ணாடிக் குப்பியில் ஊற்றி இறுக மூடி, எந்தப் பாகத்துக்கு, எந்தத் திகதியில் அடித்தது என்று எழுதி வையுங்கள். அடுத்த முறை மோதிரம் பட்டுக் கீறும்போது பல்குச்சியின் நுனியில் ஒரு சொட்டு எடுத்து வைத்தால் முடிந்துவிடும்.